புத்தை இடிச்சாச்சு, அப்பறமென்ன மாப்ளே?

ஏனுங்க மாப்ளே, கொறங்காட்டைச் சுத்தம் பண்ணிப்போட்டீங்களாமா? நல்லதுங்க, நொம்ப நல்லது. எங்கய்யன் உங்கம்மாவுக்கு எழுதிக் குடுத்த நாளா அந்த நாலு ஏக்கராவும் வெள்வேலா மரமும் கொழுக்கட்டைப் புல்லுமா அநாகரிகமாத்தான் கெடந்துது. மாடு மேயும், கவுதாரி கத்தும், எங்க பாத்தாலும் சாணி. கோயமுத்தூர்ல ஏசி ரூமுக்குள்ள உக்காந்து சம்பாரிக்கறவருக்கு அது பாக்கற காட்சிங்களா? இப்ப மரத்தை ஜேசிபி வெச்சு நெம்பியாச்சு. கிளுவை வேலியைப் புடுங்கிக் கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுத்தாச்சு. ரொட்டவேட்டர் ஓட்டி மண்ணைப் பொடியாக்கியாச்சு. இந்தக் கோடியில நின்னா அந்தக் கோடி தெரியுது. ஒரு எடஞ்சல் இல்லை. நடுவுல ஒதுங்கி நிக்க ஒரு நெழலும் இல்லை, அது வேற சங்கதி.

நடுக்காட்டுல ஆளொசரம் நின்ன புத்தை இடிக்கறதுக்கு ஜேசிபி தம்பி கொஞ்சம் தயங்குச்சாமா. "சாமி குடியிருக்கும்ங்க" அப்படின்னுச்சாமா. நீங்கதான், "அதெல்லாம் வெறும் மண்ணு, தள்ளு"ன்னீங்களாமா. திருவாரூர்ல வன்மீகநாதர்னு பேரு வெச்சுக்கிட்டுப் புத்துலயே குடியிருக்கற ஈசன் காதுல அது உழுந்திருந்தா சிரிச்சிருப்பாருங்க. சாமியை உடுங்க, உங்களுக்கு நம்பிக்கை இல்லை. பாம்பு இருக்கும்னு பயந்தீங்க பாருங்க, அங்கதான் எனக்குச் சிரிப்பு வந்துது. பாம்பு கட்டற புத்துன்னு ஒலகத்துல ஒண்ணுகூடக் கெடையாதுங்க. கட்டறது கறையான். பாம்பு வாடகை குடுக்காத குடித்தனக்காரன், அம்புட்டுத்தான்.

இப்ப நான் கேள்விப்படற சங்கதி, நட்ட தென்னம்பிள்ளையில கறையான் ஏறிப்போச்சுன்னு நீங்க மருந்துக்கடைக்கும் தோட்டத்துக்குமா நடையா நடக்கறீங்கங்கறது. புத்தைத்தான் இடிச்சாச்சே, அப்பறம் எங்கிருந்து வந்துதுன்னு கடைக்காரன்கிட்டயே கேட்டீங்களாமா. அவனுக்கென்னுங்க தெரியும், குளோர்பைரிபாஸ் எத்தனை லிட்டர் வேணும்னு கேப்பான்.

நான் சொல்றனுங்க. நானாச் சொல்லலை, வேளாண்மை படிக்கற எம்பேத்தி லீவுக்கு வந்தப்ப போன்ல படிச்சுச் சொன்னதும் கொஞ்சம் கலந்திருக்கும். படிச்சவங்க சொன்னாத்தானே உங்களுக்கு ஏறும்.

மொதல்ல ஆளு யாருன்னு தெரிஞ்சுக்குங்க. வெள்ளெறும்புன்னு எழுதறாங்களே, அது எறும்பே இல்லீங்க. கரப்பானுக்குப் பங்காளி. எறும்பு அதுக்குச் சென்மப் பகையாளி. ஒலகத்துல கறையான் ஏறக்கொறைய 3,000 வகை இருக்குது. அதுல கட்டடத்தைப் பெருசாச் சேதம் பண்றது 100 வகைக்குள்ளதான் வரும். மீதியில பெரும்பாலானது உங்க ஊட்டுக் கதவு பக்கமே தலைவெச்சுப் படுக்காத வகை. ஊர்ல நாலு பேரு திருடுனா ஊரையே கொளுத்தற நாயம் உங்க கம்பெனியில உண்டோ என்னமோ, இங்க இல்லை.

நம்ம காட்டுல புத்து வெக்கறது காளான் வெள்ளாமை பண்ற சாதி. நாம ஏர் புடிச்சு 10,000 வருசம் இருக்குமாமா. இது 3 கோடி வருசமாப் பண்ணுது. மானியம் கேட்டதில்லை, கடன் தள்ளுபடின்னு கலெக்டர் ஆபீசு வாசல்ல நின்னதில்லை. சருகு, குச்சி, காஞ்ச சாணின்னு தின்னுபோட்டு, பாதி செரிச்சுக் கழிச்சதை அடுக்கி அடுக்கிப் புத்துக்குள்ள பாத்தி கட்டும். நீங்க இடிச்ச மண்ணுல தேடிப் பாத்திருந்தா கைக்கடக்கமாக் கெடைச்சிருக்கும். தவிட்டு நெறத்துல, நெறைய மடிப்பு மடிப்பா, தொட்டா உதிரும். அதும்மேல குண்டூசித் தலையளவுக்கு வெள்ளை வெள்ளையா மணி இருக்கும். அந்த மணிதான் அதுக வெளையவெச்ச பூசணம். மரத்துல, வைக்கோல்ல இருக்கற கட்டிச் சத்தைப் பதமாக்கித் தர்றது அதுதான். பாத்தி பழசாகப் பழசாக அதையே தின்னுக்கும். மழை பேஞ்சு ரெண்டொரு நாள்ல புத்தோரத்துல காளான் வருமே, உங்கம்மா குழம்பு வெச்சு ஊத்துனா நீங்க ரெண்டாந்தடவை சோறு போடச் சொல்லுவீங்களே, அது இந்தத் தோட்டத்து மகசூல்தான். இனிமே சூப்பர் மார்க்கெட்ல பொட்டலம் வாங்கிக்குங்க.

கட்டடத்தைப் பத்தியும் ஒண்ணு சொல்லிப்போடறன், ஏன்னா நீங்க ஏசிக்காரரு. 2015-ல ஹார்வர்டுக்காரங்க, அதுல ஒருத்தரு மகாதேவன்னு நம்ம பேரு, தென்னிந்தியப் புத்துக்குள்ளயே கருவியை உட்டு அளந்து எழுதுனாங்க. புத்துல வெளிப்பக்கம் மடிப்பு மடிப்பா நிக்குதில்லீங்களா, பகல்ல அது சீக்கிரம் சூடாகுது. அங்க காத்து மேல ஏறுது, நடுவுல கீழ எறங்குது. ரவைக்கு அப்படியே திரும்பிக்குது. பகலுக்கும் ரவைக்கும் இருக்கற சூட்டு வித்தியாசத்தை வெச்சே கெட்ட காத்தை வெளிய தள்ளுது. கரண்டு பில்லு கெடையாது. உங்க ஊட்டு மொட்டை மாடியில வேகற வேக்காடு எனக்குத் தெரியும், அதனால சொன்னேன்.

சரி, இந்தக் கறையான் நம்ம கொறங்காட்டுல என்ன வெட்டி முறிச்சுதுன்னு கேப்பீங்க. சித்திரை வெயில்ல, மண்ணு பாளமா வெடிச்சுக் கெடக்கறப்ப, மண்புழு ஆழத்துல சுருண்டுக்கும். அப்ப அங்க வேலைக்கு வர்ற பெரிய ஆளு கறையான்தானுங்க. காஞ்ச சாணி வரட்டி ஒண்ணைப் புரட்டிப் பாத்ததுண்டா? அடியில ஈரமண்ணைப் பூசி, அதுக்குள்ள கூட்டங் கூட்டமா வெள்ளை வெள்ளையா ஓடும். கொஞ்ச நாள் கழிச்சுப் பாத்தா மேல் தோலு மட்டும் இருக்கும், உள்ள மண்ணு. சாணி எங்க போச்சு? மண்ணுக்குள்ள போச்சு. அதுக போன தடத்துல எல்லாம் மழைத்தண்ணி எறங்குச்சு. கொழுக்கட்டைப் புல்லு மூணு மாசம் மழை இல்லாமத் தாங்கி நின்னது உங்க அப்பன் கெட்டிக்காரத்தனம்னா நெனச்சீங்க?

இன்னும் கேளுங்க. கோழிக்குஞ்சு பொரிச்சா உங்க அம்மிச்சி என்ன பண்ணும்? பழைய பானையில சாணி, கந்தல் சாக்கு, காஞ்ச ஓலை எல்லாம் அடைச்சு, தண்ணி தெளிச்சு, புத்துப் பக்கமாக் கவுத்து வெச்சுப்போட்டு வரும். மறுநாள் வெள்ளென போய் நிமுத்துனாப் பானை பூராக் கறையான். குஞ்சுக அடிச்சுக்கிட்டுத் திங்கும். தீவனக் கம்பெனிக்காரன் அந்தப் பக்கம் எட்டிப் பாக்க வேலையே இல்லை. மொத மழைக்கு ஈசல் கெளம்புனா மனுசனுக்கும் பொரிஅரிசியோட வறுத்துத் திங்கத் தீனி. கவுதாரிக்கும் அதே கூட்டுலதான் பங்கு. கவுதாரி கத்துது கத்துதுன்னு சொன்னீங்களே, இனிக் கத்தாது, நிம்மதியாத் தூங்குங்க.

இப்ப உங்க சங்கடத்துக்கு வர்றன். நைஜீரியாவுல மோக்வான்னு ஒரு ஊரு. புல்லும் மரமுமாக் கெடந்த காடு. 1970-கள்ல அங்க காட்டை அழிச்சு மக்காச்சோளக்காடாக்குன எடத்துல கறையானை எண்ணிப் பாத்தாங்க. கண்ணுக்குத் தெரியற மாதிரி புத்து வெக்கறது, புல்லு வெட்டறது எல்லாம் ஓடிப்போச்சு. ஆனா மைக்ரோடெர்மஸ்னு ஒரு பொடி வகை. அதுக்குப் புத்தே கெடையாது, மண்ணுக்கடியில சின்னச் சின்ன அறையா எல்லாப் பக்கமும் பரவியிருக்கும். ஏரு கொழு எட்டாத ஆழத்துல அது பத்திரமா இருந்துக்கிட்டுப் பெருகிப்போச்சு. மேல சருகு இல்லை, குச்சி இல்லை, அதனால வெள்ளாமையைக் கடிச்சுது. அந்த வகைக்கு நம்ம நாட்டுலயும் சொந்தபந்தம் உண்டு, கல்லக்காயிலயும் கரும்புலயும் கைவரிசை காட்டும். புத்து வெக்கறதும் முழு யோக்கியன்னு நான் சொல்ல மாட்டேன், அதுவும் பயிரைக் கடிக்கறதுண்டு. ஆனா அது எங்க குடியிருக்குதுன்னாச்சும் தெரியும். நீங்க வெலாசம் தெரிஞ்சவனைத் தொரத்திப்போட்டு, வெலாசமே இல்லாதவனுக்குக் காட்டைக் கிரையம் பண்ணிக் குடுத்துட்டீங்க.

ஒறம்பரை வந்த ஊட்ல அடுப்பை அணைச்சு, சோத்துப்பானையைக் கவுத்து, திண்ணையில ஒரே ஒரு தட்டு லட்டை வெச்சுப்போட்டு யாரும் தொடக்கூடாதுன்னா என்னுங்க நாயம்? காஞ்ச புல்லு, உழுந்த குச்சி, மாட்டுச் சாணி எல்லாத்தையும் வழிச்செடுத்தீங்க. நாலு ஏக்கராவுல திங்கறாப்பல மிச்சம் இருந்தது உங்க தென்னம்பிள்ளையோட காய் மட்டை மட்டும்தான். அதுவும் தண்ணி பத்தாம வாடி நின்னுது. கறையான் செத்ததையும் சாகப்போறதையும்தான் மொதல்ல தேடும். உங்க பிள்ளைகளுக்குக் கறையான் வந்ததைவிட, கறையான் வர்ற கதிக்கு அதுக ஏன் வந்துதுன்னு யோசிச்சீங்களா? யோசிக்க எங்க நேரம், மருந்துக்கடை சாத்திருவான்.

வெளியூர்க்காரங்க கதையைக் கேட்டா இன்னும் வேடிக்கை. ஆப்பிரிக்காவுல புர்கினா பாசோன்னு ஒரு வறண்ட சீமை. யகூபா சவடோகோன்னு ஒரு விவசாயி. பஞ்சத்துல பாறையாட்டம் எறுகிப்போன மண்ணுல, கோடையிலயே குழி வெட்டி, எருவும் குப்பையும் போட்டு வெச்சாரு. எதுக்குத் தெரியுமுங்களா? கறையானைக் கூப்புடறதுக்கு! அது வந்து எருவைத் தின்னு மண்ணைத் தொளைச்சு வெக்கும், மழை வந்தாத் தண்ணி எறங்கும், குழியில கம்பும் சோளமும் வெளையும். ஊரு அவரைப் பைத்தியம்னுச்சு. 2018-ல மாற்று நோபல்னு சொல்ற ரைட் லைவ்லிஹுட் விருது குடுத்தாங்க. 2023-ல கண்ண மூடுனாரு. அவரு வளர்த்த காடு இருக்குது. மேற்கு ஆஸ்திரேலியாவுலயும் பாத்து 2011-ல வெளியிட்டாங்க. எறும்பையும் கறையானையும் மருந்து போட்டு எடுத்த எடத்தைவிட, அதுகளை உட்டுவெச்ச எடத்துல கோதுமை 36 சதவீதம் சாஸ்தி. தண்ணி உள்ள எறங்குனதும் தழைச்சத்து கூடுனதும்தான் காரணம்னு எழுதியிருக்காங்க. அவங்க கூப்புட்டு வேலை வாங்கறாங்க, நீங்க காசு குடுத்துக் கொல்றீங்க. ரெண்டும் தொழில்தான்.

தண்ணிக்குப் போர் போட்டுப் பொகையா வந்துதுன்னு வேற சொன்னாங்க. ஆறாம் நூத்தாண்டுல வராகமிகிரர்னு ஒருத்தரு பிருகத் சம்ஹிதையில, எந்த மரத்துக்கிட்டப் புத்து இருந்தா எந்தப் பக்கம் தண்ணின்னு அடுக்கி எழுதி வெச்சிருக்காரு. அது அத்தனையும் பலிக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா உங்க ஜியாலஜிக்காரன் சொன்னதும் பலிக்கலையே மாப்ளே.

திட்டறதுக்குக் கூப்புடலீங்க, இப்பச் செய்ய வேண்டியதைச் சொல்றன். தென்னைக்குத் தண்ணியை ஒழுங்காப் பாச்சுங்க. பிள்ளைகளுக்கு ஒரு முழம் தள்ளி, காஞ்ச புல்லு, சருகு, மட்டையைப் பரப்பி உடுங்க. திங்கறதுக்கு வேற இருந்தா அது எதுக்குங்க பச்சையைக் கடிக்குது. என்ற பட்டியில இருக்கற மாட்டை வாரத்துக்கு ரெண்டு நாள் அந்தப் பக்கம் ஓட்டியுடறன், வரப்புல ரெண்டு சாணி கெடந்தா மூக்கைப் பொத்தாதீங்க. மேக்கால இருக்கற ஒரு ஏக்கராவை உழுகாம உடுங்க. ஜேசிபி கையில தப்புன வேலா நாலு இன்னும் அங்க நிக்குது, மழை வந்தாப் புல்லு தானா வரும்.

அந்த மேக்குக் கோடியில சின்னதா ஒரு புத்தும் நிக்குது. மேல ஈரமண்ணு புதுசாப் பூசியிருக்குது, நேத்துப் பாத்தேன், உசுரோடதான் இருக்குது. அதும்மேல கையை வெச்சீங்க, பொங்கலுக்கு எங்கூட்டு நாட்டுக்கோழி கெடையாது. வாங்குன மருந்து டப்பாவைப் பிரிக்கலைன்னா நாளைக்கே கடைக்காரன்கிட்டத் திருப்பிக் குடுத்துருங்க, பில்லு இருந்தா எடுத்துக்குவான்.