குளம் துடைக்கும் யந்திரத்தின் வாத கபங்கள்

யானைக்கும் குதிரைக்கும் தனித்தனியே வைத்திய சாஸ்திரம் வகுத்த உலகம், ஜோஹானஸ்பர்க் நகரத்துப் புறமனைகளில் நீச்சற்குளத்தின் அடியில் ஊர்ந்து அழுக்கு வாரும் யந்திரத்துக்கு மட்டும் ஒரு நோய்நூல் செய்யாமல் விட்டது பெருங்குறை என்பது எம் துணிபு. ஆராய்ச்சிக்கு அந்நகரத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. இந்தக் குலத்தின் மூலபுருஷர்களுள் ஒன்றாகிய ‘கிரீப்பி கிராலி’யை, பெல்ஜியக் காங்கோவிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்கு வந்த ஃபெர்டினாண்ட் ஷோவியே என்னும் நீரியல் பொறியாளர் 1974இல் உருவாக்கியது, ஜோஹானஸ்பர்க்குக்குக் கிழக்கேயுள்ள ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில்தான்.

இதற்குக் கையில்லை, காலில்லை, சொந்தமாக ஒரு மோட்டாரும் இல்லை. கரையிலுள்ள பம்பு நீரை உறிஞ்சும்போது இதன் தொண்டைக்குள் இருக்கும் ஒரு நாக்கு இப்படியும் அப்படியுமாக அடித்து, ஓட்டத்தைக் கணந்தோறும் தடுத்துத் தடுத்து விடுவிக்க, அந்த அதிர்ச்சியே இதனைச் சிறுகச் சிறுக நகர்த்துகிறது. வாரிய அழுக்கு நெளிகுழாய் வழியாகக் குளத்தோரத்துக் கூடைக்குச் சென்று தங்க, நீர் மட்டும் பம்பையும் மணல் வடிகட்டியையும் கடந்து, தெளிந்து, மீண்டும் குளத்தில் வந்து விழுகிறது. ஆகவே வாய் நீருக்கடியிலும், வயிறு குளத்தோரத்திலும், இருதயம் தோட்டத்து மூலையிலுமாகச் சிதறிக் கிடக்கும் இந்தப் பிராணி அசைவற்று நின்றவுடன், கண்ணுக்குத் தெரியும் வாயை மட்டும் பிளந்து பார்த்துவிட்டுப் புதியதொன்று வாங்கக் கடைக்கு ஓடுகிறவர்களை எதிர்த்தே இக்கட்டுரை எழுதப்படுகிறது. (கடைக்காரர்கள் இவர்களை எதிர்ப்பதில்லை.)

இதன் வாத பித்த கபங்களுள், அழுக்கு அடைப்பாகிய கபத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அக்டோபர், நவம்பர் மாதங்களில் ஜக்கராந்தா மரங்கள் ஊதாப் பூக்களைச் சொரியும்போது, வெளியூரார் அண்ணாந்து பார்த்து வியக்க, வீட்டுக்காரர் குனிந்து கூடையைக் காலி செய்கிறார். குளத்தோரக் கூடை, பம்பின் கூடை ஆகிய இரண்டையும் பார்க்க வேண்டும். ஒன்றைக் காலி செய்து மற்றதை மறப்பதே உலக வழக்கம். இரண்டும் சுத்தமாக இருந்தும் நடை தளர்ந்தால், வடிகட்டியின் அழுத்தமானியை நோக்குக. சுத்தமாக இருந்த நாளில் காட்டியதைவிட 8 முதல் 10 பி.எஸ்.ஐ. வரை முள் ஏறியிருந்தால், நீரை எதிர்த்திசையில் செலுத்தி மணலைக் கழுவும் காலம் வந்துவிட்டது என்று அறியலாம்.

வாதமோ சூட்சுமமானது. நீர் ஓட வேண்டிய குழாயில் காற்று புகுந்துவிட்டால், யந்திரம் மூர்ச்சித்து நிற்பதும், சில சமயம் துறவு பூண்டதுபோலத் தரையை விட்டு மேலே மிதப்பதும் உண்டு. புகை கண்டவிடத்து நெருப்பை அனுமானிக்கும் நையாயிகர், இங்கே குமிழி கண்டவிடத்து விரிசலை அனுமானிக்கக் கடவர்: பம்பின் கண்ணாடி மூடிக்குள்ளே நுரை சுழன்றாலும், நீர் திரும்பி வரும் துளையில் குமிழிகள் ஓயாமல் கொப்புளித்தாலும், உறிஞ்சும் பக்கத்தில் எங்கோ காற்று நுழைகிறது என்பது நிச்சயம். குழாயின் பொருத்துகளையும், பம்பு மூடியின் ரப்பர் வளையத்தையும் ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். ஆனால் பழுது ஏதும் இல்லாமலே வாதம் வருவதும் உண்டு. குழாயைப் பொருத்துமுன் அதைச் செங்குத்தாகப் பிடித்து, முழம் முழமாக நீருக்குள் இறக்கி, உள்ளிருக்கும் காற்றையெல்லாம் வெளியேற்றாமல், அவசரத்தில் அப்படியே செருகிவிடுகிறவர்கள் வாதத்தைத் தாமே வரவழைத்தவர்கள். காற்று போன பின்னும் யந்திரம் மிதக்குமாயின், தலைக்கு அருகே குழாயில் மாட்டும் எடைக்கட்டி இடம் மாறியிருக்கிறதா என்று பார்ப்பது மரபு.

பித்தம் இதற்கு நேர்மாறு. உறிஞ்சும் வேகம் மிகும்போது, யந்திரம் சுவரேறி நீர்மட்டத்துக்கு மேல் தலையை நீட்டிக் காற்றைக் குடித்து, அந்த வழியாக வாதத்தில் போய் முடியும். வேகத்தைத் தணிக்கும் வால்வைச் சற்றே திறந்துவிட்டால் அடங்கும்.

மேற்கூறிய தோஷங்களில் அடங்காத வியாதி ஒன்று உண்டு. எம் ஆராய்ச்சியின் பெரும்பகுதி அதற்கே செலவாயிற்று. யந்திரம் உற்சாகமாகவே ஓடும். ஆனால் ஒரே வட்டத்தில் ஓடும். எதிர்மூலையில் அழுக்கு மேடிட்டுக் கிடக்கும். குளிர்காலம் முழுதும் வண்டிக் கொட்டகையில் சுருட்டி வைக்கப்பட்ட குழாய், விரித்த பின்னும் அந்தச் சுருளின் பூர்வ வாசனையை விடாமல், தலையை அதே வளைவில் இழுத்துச் செல்வதே இதன் காரணம். வாசனா க்ஷயத்துக்கு ஞானிகள் பல பிறவிகள் கேட்டார்கள். இங்கே குழாயை வெயிலில் நேராக நீட்டிக் கிடத்தி, துண்டுகளை வரிசை மாற்றிப் பொருத்தினால் போதும். குழாய் குட்டையாக இருந்தாலும் சில மூலைகள் எட்டாமற்போகும். ஆதலால் குளத்தின் மிகத் தொலைவான இடத்தைத் தொட்டபின் ஒரு துண்டு மிஞ்சும்படி அதன் நீளம் இருக்க வேண்டும். திரும்பி வரும் நீரின் வேகம் யந்திரத்தை ஒரு பக்கமாகத் தள்ளினால், அந்நீர் வரும் துளையின் முனையைக் கீழ்நோக்கித் திருப்பிவிடுவது சிலாக்கியம்.

இனி, யந்திரத்திலேயே குற்றம் இருக்கும் சந்தர்ப்பங்கள். தொண்டையில் கூழாங்கல்லோ சுள்ளியோ சிக்கி நாக்கு அடிக்காமற்போவது ஒன்று. பம்பை நிறுத்திவிட்டு விரலால் எடுத்துவிடலாம். தரையோடு ஒட்டிச் செல்லும் ரப்பர்ப் பாவாடை தேய்ந்து கிழிவது மற்றொன்று. மாற்றுவதைத் தவிர வழியில்லை.

ஏணிக்குப் பின்னால் போய் மாட்டிக்கொள்வது நோயா, சுபாவமா என்பதில் மட்டும் அபிப்பிராய பேதம் இருக்கிறது. ஏணியையே கழற்றிவிட வேண்டும் என்று யந்திரத்தின் பட்சத்தார் வாதிக்கிறார்கள். அப்படியானால் குளித்தவர் கரையேறுவது எப்படி என்று கேட்கும் எதிர்ப்பட்சத்தார், பெரும்பாலும் வயதில் மூத்தவர்கள்.