குடும்பஸ்தர் உள்ளே, ஓடிவந்தவர்கள் வெளியே

திருவண்ணாமலையில் குடும்பக் கவலை உள்ள ஒரே ஆள் சாமிதான். மற்றவர்களெல்லாம் கவலையை வீட்டில் போட்டுவிட்டு இங்கே ஓடிவந்தவர்கள். இதை எனக்குப் புரியவைத்தவர் ராஜகோபுரத்துக்கு எதிரே கிடைத்த வழிகாட்டிப் பெரியவர். உரிமம் கிடையாது, அடையாள அட்டை கிடையாது, வாய் மட்டும் உண்டு. எதைக் காட்டி எந்தக் காலம் என்று கேட்டாலும் "ஆயிரம் வருஷம் இருக்கும் சார்" என்பார். ஆகவே கதை அவர் பொறுப்பு, ஆண்டு என் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டோம்.

"217 அடி சார். தஞ்சாவூரு வெறும் 216" என்று அண்ணாந்து பார்த்தபடி ஆரம்பித்தார். கோபுர வேலையை 16ஆம் நூற்றாண்டில் தொடங்கியவர் கிருஷ்ணதேவராயர். முடித்து வைத்தவர் தஞ்சை சேவப்ப நாயக்கர். வேற்றூர்க் கோயிலுக்கு ஓர் அடி கூட்டிக் கொடுத்துச் சொந்த ஊர் விமானத்தைத் தோற்கடித்த பெருந்தன்மை வேறு எந்த ஆட்சியாளருக்கும் வராது.

உள்ளே நுழைந்ததும் ஆயிரங்கால் மண்டபம். அதற்குள் பாதாள லிங்கம். பின்னாளில் ரமண மகரிஷியான பதினாறு வயது வேங்கடராமன் 1896 செப்டம்பர் 1-ஆம் தேதி இந்த ஊருக்கு வந்து, சில நாளில் இந்தப் பொந்துக்குள் புகுந்துகொண்டார். காரணம் ஞானம் மட்டுமல்ல, தெருப் பையன்கள் எறிந்த கல்லும்தான். மதுரையில் அண்ணனின் கல்லூரிச் சம்பளம் ஐந்து ரூபாயைக் கட்டச் சொன்னார்கள். மூன்றை எடுத்துக்கொண்டு, இரண்டை ஒரு கடிதத்தோடு வைத்துவிட்டுக் கிளம்பியவர். வழியில் காசு தீர்ந்துபோய்க் கடுக்கனை நாலு ரூபாய்க்கு அடகு வைத்தார். அந்தச் சீட்டையும் கிழித்தெறிந்தார். இங்கே வந்து சேர்ந்ததும் தலையை மழித்து, மிச்சக் காசை ஐயங்குளத்தில் வீசினார்.

"அந்தக் காசு இன்னும் குளத்துலதான் சார் கீது" என்றார் பெரியவர். தேடிப் பார்த்தவர் குரல் அது.

ஆனால் விட்டதா குடும்பம்? 1916-இல் அம்மா அழகம்மாள் நிரந்தரமாகவே வந்து சேர்ந்தார். பின்னாலேயே தம்பியும் வந்து காவி கட்டிக்கொண்டார். 1922-இல் அம்மா மறைந்தபிறகு அவர் சமாதியைச் சுற்றித்தான் ரமணாசிரமமே எழுந்தது. அதை நிர்வகித்தவர் அந்தத் தம்பி. வீட்டை விட்டு ஓடிய பிள்ளையைத் தேடி வீடே ரயிலேறி வந்த கதை இது.

அடுத்தது வல்லாள கோபுரம். இங்கே பெரியவர் செருமிக்கொண்டார். போசள மன்னர் மூன்றாம் வீர வல்லாளன் வடக்கே டில்லிப் படையும் தெற்கே மதுரை சுல்தானும் நெருக்கியபோது திருவண்ணாமலையைத் தலைநகராக்கிக்கொண்டவர். புராணத்தின்படி அவருக்குப் பிள்ளையில்லாத குறை. ஒரு நாள் அண்ணாமலையாரே அடியார் வேஷத்தில் வந்து சோதித்தார்; கேட்கக் கூடாததைக் கேட்டார்; சின்ன ராணியின் கையில் குழந்தையாகி மறைந்தார். "நானே உனக்குப் பிள்ளை, கொள்ளி என் பொறுப்பு" என்று வாக்கு வேறு.

வரலாறு இவ்வளவு இனிப்பாக இல்லை. 1342-இல் எண்பது வயதில் கண்ணனூரை முற்றுகையிடப் போன வல்லாளன், மதுரை சுல்தான் கியாசுத்தீனிடம் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். உடலுக்கு நேர்ந்த கதியை எழுதி வைத்தவர் மொராக்கோ நாட்டு இபன் பதூதா. அவர் எப்படி அங்கே வந்தார் என்கிறீர்களா? சுல்தான் அவருக்குச் சகலை. உலகம் சுற்றியவரும் ஒரு கட்டத்தில் மாமியார் வீட்டு உறவில்தான் மாட்டுகிறார்.

சாமி வாக்கு மாறவில்லை. தைப்பூசத் தீர்த்தவாரி முடிந்து திரும்பும்போது இறப்புச் செய்தி அவருக்குச் சொல்லப்படும், மேளம் நின்றுபோகும், ஓசையில்லாமல் கோயிலுக்குத் திரும்புவார். மாசி மகத்தில் பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி வளர்ப்புத் தகப்பனுக்குத் திதி கொடுப்பார். இன்றும் தவறுவதில்லை. நம்மில் எத்தனை பேர் அப்பன் திதியை நாள்காட்டி பார்க்காமல் சொல்வோம்?

இதே வல்லாள கோபுரத்திலிருந்துதான் முருகனைப் பாடிய அருணகிரிநாதர் குதித்ததாகவும் முருகன் கீழே நின்று பிடித்ததாகவும் சொல்கிறார்கள். அடுத்த கோபுரத்தில் கிளியாகவும் உட்கார்ந்தார். பாரிசாதம் பறித்துவரக் கிளி உடம்பில் போனவர் திரும்புவதற்குள், அவருடைய எதிரி சம்பந்தாண்டான் அவர் சொந்த உடம்பை எரித்துவிட்டானாம். "உடம்பைப் பூட்டாம போனா இப்டிதான்" என்பது பெரியவரின் தீர்ப்பு.

வடக்கு வாசல் 171 அடி. கல்யாணம் வேண்டாம் என்று வீட்டைவிட்டு வந்த அம்மணி அம்மாள் வீடு வீடாகக் கேட்டு வாங்கிய பணத்தில் எழுந்தது. கூலிக்குக் காசு இல்லாத நாளில் திருநீறு கொடுத்தார், அது வேலையாளுக்கேற்ற கூலியாக மாறியது என்கிறது ஊர். எந்த ராஜாவின் பெயரும் இல்லாத கோபுரம். எனக்குப் பிடித்ததும் இதுதான்.

18ஆம் நூற்றாண்டில் இந்தக் கோயில் மதிலைக் கோட்டை என்று நினைத்து வந்தவர்கள் கணக்கில்லை. மராட்டியர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று மாறி மாறி வந்தார்கள். 1767 செப்டம்பரில் கர்னல் ஸ்மித் ஹைதர் அலியையும் நிஜாமையும் ஊருக்கு வெளியே முறியடித்தார். யாரும் தங்கவில்லை. பெரியவர் இதற்கு ஒரே ஒரு வரிதான் ஒதுக்கினார்: "வந்தானுங்க, போனானுங்க."

கடைசியாகத் திருவூடல் தெரு. புருஷன் பெண்டாட்டி சண்டைக்கென்றே ஒரு தெரு வைத்திருக்கும் ஊர் இது. அம்பாளை வணங்காத பிருங்கி முனிவருக்குச் சாமி காட்சி கொடுக்கப் போகிறார். அம்பாளுக்குக் கோபம், கோயிலுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். நடுவில் தூது போகிறவர் சுந்தரர். ஒரு காலத்தில் சுந்தரரின் மனைவி திருவாரூர்ப் பரவையின் கோபத்தைத் தணிக்க, அவருக்காக நள்ளிரவில் தூது நடந்தவர் இதே சிவன். கடன் திரும்பக் கொடுக்கப்படுகிறது, ஆனால் சுந்தரர் தூது பலிப்பதில்லை. அன்றிரவு சாமிக்குக் குமரக்கோயிலில்தான் படுக்கை. மறுநாள் பதினாலு கிலோமீட்டர் மலை சுற்றி வந்தபிறகே சமாதானம்.

பௌர்ணமிக்கு வந்தால் முன்னால் நடப்பவர் முதுகைத்தான் பார்த்துவிட்டுப் போவீர்கள். மாட்டுப்பொங்கலன்று வாருங்கள், சண்டை அன்றுதான். வழிகாட்டியிடம் கூலியை முதலிலேயே பேசிவிடுங்கள். திருநீறு கொடுத்தால் வாங்கமாட்டார்.