வெட்டுப்புள்ளி

கடைசி விசில் ஊதியாயிற்று. ஒரு புள்ளியால் வெற்றி. பெடியள் ஒருவர் மேல் ஒருவராய் விழுந்து கிடக்கிறார்கள். மதிலோரம் நின்ற பழைய மாணவர் இரண்டு பேர், வேலி எல்லைப் பிரச்சினையில் பத்து வருடமாக முகம் பார்க்காதவர்கள், கட்டிப்பிடித்தபடி குழறுகிறார்கள். கச்சான் விற்கிற ஆச்சிகூடச் சுருளைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டுகிறா.

சீமெந்துப் படிக்கட்டின் மூன்றாவது படியில் ஒருவர் மட்டும் எழும்பவில்லை. மடித்த குடை தொடையில் குறுக்காகக் கிடக்கிறது. செத்தவீட்டுக்கு வந்தவர் போலத் தலையை மெல்ல ஆட்டிக்கொண்டிருக்கிறார்.

"என்ன அண்ணை, வெண்டிட்டம்!" என்றேன்.

"ஒன்பது பிறீத்ரோ," என்றார். "எண்ணிக்கொண்டுதான் இருந்தனான். நாலு போட்டவங்கள். மிச்சம் அஞ்சும் எங்கை, தம்பி?"

இவரை உங்களுக்குத் தெரியும். யாழ் இந்துவோ, பரியோவானோ, பத்திரிசியாரோ, வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியோ, குடாநாட்டில் எங்கே கூடைப்பந்து வளையம் நட்டிருக்கிறதோ அங்கே மூன்றாவது படியில் இவர் இருப்பார். கச்சேரியில் கணக்குப் பிரிவில் இருந்து இளைப்பாறியவர். பென்ஷனுக்குப் பிறகு தணிக்கை செய்ய வேறெதுவும் கிடைக்காததால் மட்சைத் தணிக்கை செய்கிறார்.

தோல்வி இவரை ஒன்றும் செய்யாது. "அவங்கள் கெட்டிக்காரர், எங்கட பெடியள் பயந்திட்டாங்கள்" என்று இரண்டே வசனத்தில் கணக்கை மூடிவிட்டு, வீட்டுக்குப் போய் இரண்டு றாத்தல் பாண் ஒடியற்கூழோடு சாப்பிடுவார். இருபது புள்ளி வித்தியாசத்தில் வென்றால் மூன்றாம் கால்பகுதியிலேயே குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். பார்க்க அதில் என்ன இருக்கிறது? ஒரு புள்ளி வெற்றிதான் இவரைத் தின்னும். அன்று இரவு நித்திரை கிடையாது. "தோத்துப்போட்டு வந்தால் என்ர மனுசன் நல்ல மனுசன்" என்பது அவருடைய மனைவியின் வாக்குமூலம்.

இதை விசர் என்று வெளியூர்க்காரர் நினைக்கக்கூடும். யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு விளங்கும். நாங்கள் மார்க்கைப் புள்ளி என்று சொல்லி வளர்ந்த சனம். கணிதத்துக்கு 99 எடுத்துக்கொண்டு வீட்டுப் படலையைத் திறக்கிற பிள்ளையிடம், "மற்ற ஒண்டு எங்கை?" என்று கேட்காத அப்பா இந்தக் குடாநாட்டில் இன்னும் பிறக்கவில்லை. எழுபதுகளில் தரப்படுத்தல் வந்து ஒன்றிரண்டு புள்ளிக்காகப் பல்கலைக்கழகக் கதவு சாத்தப்பட்ட தலைமுறையைச் சேர்ந்தவர் இந்த அண்ணை. அவருடைய பிள்ளைகளின் காலத்தில் அது இசட் புள்ளியாகி, தசமத்துக்குப் பின்னால் நாலு இலக்கம் வரை நீண்டது. நாலாவது இலக்கத்தில் மருத்துவபீடத்தைத் தவறவிட்ட பிள்ளை ஒன்று ஒவ்வொரு ஒழுங்கையிலும் உண்டு. ஆக, ஒரு புள்ளியால் வெல்வது அவருடைய கண்ணுக்கு வெற்றியே அல்ல. வெட்டுப்புள்ளிக்கு மேலே தொங்கித் தப்புவது. பெடியள் துள்ளுகிறபோது, அந்த ஒன்று மறுபக்கம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பிறீத்ரோவில் அவருக்கு இருக்கும் பற்று சமயம் சார்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும். பலகையிலிருந்து 4.6 மீற்றர். வளையத்தின் உயரம் 3.05 மீற்றர், எந்த நாட்டிலும் அதேதான். எதிரே மறிக்க ஒருவனும் இல்லை. எறிய ஐந்து விநாடி அவகாசம். "றெபரி பந்தைத் துடைச்சுக் கையிலை தந்து, 'இந்தா ராசா, புள்ளி எடு' எண்டு சொல்லுறான். அதையும் விடுறவனை என்ன செய்யிறது?" மூன்று புள்ளி எறிதல் அவருக்கு அறவே பிடிக்காது. அது ஆசைக்காரரின் அடி. சர்வதேச விதிகளில் மூன்று புள்ளிக் கோடு 1984இல்தான் வந்தது; அண்ணை பள்ளிக்கூடம் விட்டது அதற்கு நெடுங்காலம் முன். "எங்கட காலத்திலை நடுக்கோட்டிலை நிண்டு எறிஞ்சாலும் இரண்டுதான். அதாலை ஒருத்தரும் எறியேல்லை. கிட்டப் போய்ப் போட்டம்."

அண்ணை விளையாடினாரா என்று கேட்காதீர்கள். நான் ஒருமுறை கேட்டேன். "ஸ்கோர் எழுதினனான்" என்றார்.

மட்ச் நடக்கும்போது அவர் கை தட்டமாட்டார், பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார், பப்பரே பாண்ட் அடித்தால் காதைப் பொத்திக்கொள்வார். வாயிலிருந்து வருவது ஒரே சொல்: "நடந்திட்டான்!" பந்தைத் தட்டாமல் ஒரு கால் கூட வைத்துவிட்டான் என்று பொருள். அந்தச் சொல்லோடு குடையும் எழும்பி நீளும். மற்ற அணி நடந்தாலும் சொல்வார், எங்கள் அணி நடந்தாலும் அதே குரலில் சொல்வார். ஒருமுறை எங்கள் பெடியன் வேகமாக ஓடிப் பந்தை வளையத்துக்குள் வைத்து, மைதானமே எழும்பி நின்றபோது, இவர் மட்டும் "நடந்திட்டான்" என்றார். நடுவருக்கு அது கேட்டுவிட்டது. விசில் ஊதினார். பிறகு பெடியள் சுற்றி நின்று, "அண்ணை, நீங்கள் எங்கட ஆளோ, அவங்கட ஆளோ?" என்று கேட்டார்கள். "நான் கணக்கின்ர ஆள்" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்தார். மழை இல்லை, வெயிலும் இறங்கிவிட்டது. விரிக்க அவருக்குத் தோன்றியது.

இவருடைய மகன் இருப்பது ஸ்காபுரோவில். ரொறன்ரோவில் உள்ள தமிழ்ப் பெடியள் எல்லோரையும் போல அவனும் ராப்டர்ஸ் பைத்தியம். 2019 மே 13, திங்கட்கிழமை காலை ஏழு மணி தாண்டியிருக்கும். ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிந்தைய நாள்கள் அவை. அரசாங்கம் அன்று வாட்ஸ்அப்பையும் முகநூலையும் முடக்கியிருந்தது. நான் பால் வாங்கப் போய் அவர்கள் வீட்டு விறாந்தையில் நின்றேன். வீட்டுத் தொலைபேசி அலறியது. அந்த நேரத்தில் வெளிநாட்டிலிருந்து கோல் வந்தால் முதலில் நெஞ்சுதான் அடிக்கும். அண்ணையின் மனைவி, எங்களுக்கு அன்ரி, ஓடிப் போய் எடுத்தா. மறுமுனையில் பெரிய கூச்சல். யாரோ செத்துவிட்டார்கள் என்று அவ இருந்துவிட்டா.

ஒருவரும் சாகவில்லை. ராப்டர்ஸ் வென்றிருந்தது. கிழக்குப் பிரிவு அரையிறுதியின் ஏழாவது மட்ச், பிலடெல்பியாவுக்கு எதிராக. 90க்கு 90, மிச்சம் 4.2 விநாடி. கவாய் லெனர்ட் வலது மூலைக்கு ஓடி, ஏழடி மனிதனுக்கு மேலால் எறிய, மணி அடித்துவிட்டது. பந்து வளையத்தில் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு தரம் துள்ளி உள்ளே விழுந்தது. 92க்கு 90. என்.பி.ஏ. வரலாற்றில் ஏழாவது மட்ச் ஒன்று மணியோடு விழுந்த எறிதலால் முடிந்தது அதுவே முதல் தடவை. மகன் அழுகிறான். பின்னால் மருமகள் அழுகிறாள். பேரன் எதற்கென்று தெரியாமல் அழுகிறான்.

அண்ணை ரிசீவரை வாங்கினார். அமைதியாகக் கேட்டார்.

"நாலு தரம் துள்ளினதோ?"

"ஓம் அப்பா! நாலு தரம்!"

"அப்ப அது சரியான எறி இல்லை."

"விழுந்திட்டுதெல்லோ அப்பா!"

"விழுந்தது வேறை, போட்டது வேறை." கொஞ்ச நேரம் யோசித்தார். "அவன் எத்தினை புள்ளி?"

"41 அப்பா! தனிய 41!"

"எத்தினை தரம் எறிஞ்சவன்?"

மறுமுனையில் தயக்கம். "39."

"விழுந்தது?"

"...16."

"மிச்சம் 23உம் எங்கை?"

இதற்குப் பிறகுதான் விசாரணை உண்மையான இடத்துக்கு வந்தது. கடைசிப் பதினொரு விநாடிக்குள் லெனர்டுக்கு இரண்டு பிறீத்ரோ கிடைத்திருக்கிறது. முதலாவதைப் போட்டார், இரண்டாவதை விட்டார். விட்ட பந்தை எடுத்துக்கொண்டு பிலடெல்பியாக்காரர் ஓட, ஜிமி பட்லர் போட்டுச் சமப்படுத்தினார். மகன் இதை வாய் தவறிச் சொல்லிவிட்டான். அண்ணையின் முகத்தில் அன்று முதல் தடவையாக ஒரு வெளிச்சம் வந்தது.

"பாத்தியோ! அந்த ஒரு பிறீத்ரோவைப் போட்டிருந்தால் உந்தத் துள்ளல் தேவையே? ஊரைக் கூட்டி அழ வேணுமே? விடியக் காலமை கொம்மாவின்ர நெஞ்சு பதற வேணுமே?"

அன்ரி ரிசீவரைப் பறித்தா. "தம்பி, உங்கை நேற்று அன்னையர் தினமெல்லோ?" என்றா. உங்கே இன்னும் ஞாயிறு இரவுதான் என்பதும், தினம் முடிய இரண்டரை மணித்தியாலம் மிச்சம் இருக்கிறது என்பதும் மகனுக்கு உடனே ஞாபகம் வந்தது. அவனும் ஒருவிதத்தில் கடைசி விநாடியில்தான் தப்பினான்.

ஜூன் 14 காலை மீண்டும் கோல் வந்தது. ராப்டர்ஸ் சம்பியன், கோல்டன் ஸ்டேட்டை 114க்கு 110 என்று வென்று. "நாலு புள்ளியோ? பரவாயில்லை" என்றார் அண்ணை. அன்று காலை இடியப்பம் வழமையை விட ஐந்து கூடுதலாகச் சாப்பிட்டதாக அன்ரி சொன்னா. யாழ்ப்பாணத்துக்குச் சம்பியன் கிண்ணம் வந்தது இப்படித்தான், இடியப்பத் தட்டு வழியாக.

இந்த மனிதர் வாயார ஒருவரைப் புகழ்ந்து நான் கேட்டது ஒரே ஒரு தடவை. அவரும் கூடைப்பந்துக்காரர் அல்ல. ஈவினை தந்த வலைப்பந்து வீராங்கனை தர்ஜினி சிவலிங்கம். ஆறடி பத்து அங்குலம். அதே 2019 ஜூலையில் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணத்தில் 348 கோல் போட்டு, போட்டியிலேயே கூடுதல் கோல் போட்டவர். "அந்தப் பிள்ளை எறிஞ்சால் விழும்" என்றார் அண்ணை. உயரத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. வலைப்பந்தில் எறிகிறவரை மறிக்கிறவர் மூன்றடி தள்ளித்தான் நிற்க வேண்டும். அண்ணையின் கணக்கில் அந்த விளையாட்டு முழுவதுமே பிறீத்ரோ.

"அப்ப பொம்பிளைப் பிள்ளையளின்ர மட்சுக்குப் போங்கோவன்," என்றா அன்ரி.

"அங்கை போய் நான் என்னத்தைச் சொல்லுறது? விழுந்துகொண்டெல்லோ இருக்கும்."

அவரை ஆற்ற நானும் முயன்றுதான் பார்த்தேன். அந்த ஒரு புள்ளி மட்ச் முடிந்து பிளேன்ரீ குடிக்கப் போன இடத்தில் மெதுவாக எடுத்தேன். "அண்ணை, இந்த விளையாட்டே ஒரு புள்ளி வெற்றியிலைதான் தொடங்கினது, தெரியுமோ? 1891 டிசம்பர். மசாசூசெற்ஸ் மாநிலம், ஸ்பிறிங்பீல்ட். ஜேம்ஸ் நைஸ்மித் எண்டவர் பீச் பழக்கூடை இரண்டை மாடத்திலை அடிச்சு விளையாட விட்டவர். முதல் மட்ச் 1க்கு 0."

மசாசூசெற்ஸ் என்றதும் நிமிர்ந்தார். மானிப்பாயில் ஆஸ்பத்திரி வைத்து, தமிழில் வைத்தியம் படிப்பித்த டொக்டர் கிறீன் அந்த மாநிலத்துக்காரர். 1816 முதல் இங்கே வந்திறங்கிய அமெரிக்க மிஷனின் தலைமையகம் இருந்ததும் அங்கேதான். அண்ணையின் பூட்டன் வட்டுக்கோட்டையில் அவர்களிடம் இங்கிலிஷ் படித்தவராம். ஆக, கொஞ்சம் சொந்தம்.

"நைஸ்மித் பிறந்தது கனடாவிலை, ஒன்ராறியோ. உங்கட மகன் இருக்கிற மாகாணம்," என்று இன்னும் நெருக்கினேன்.

இன்னும் சொந்தம். முகம் இளகியது. பிளேன்ரீயை ஒரு மிடறு உறிஞ்சினார். ஆளை வழிக்குக் கொண்டுவந்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

"ஒரு பக்கத்துக்கு எத்தினை பேர் விளையாடினவை?"

"அப்ப ஒன்பது பேர்."

"ஒன்பதும் ஒன்பதும் பதினெட்டு," என்றார். கிளாசை மேசையில் வைத்தார். "பதினெட்டுப் பேர் நிண்டு, ஒண்டோ?"

வருகிற சனிக்கிழமை பின்னேரம் மூன்றரைக்கு அடுத்த மட்ச். போகிறவர்கள் மூன்றாவது படியில் அவருக்கு வலப்பக்கம் இருக்க வேண்டாம். குடை நீளுவது அந்தப் பக்கந்தான்.