சொட்டுத்திணை: மைசூர் முன்பனியில் ஓர் ஆய்வு

அன்பின் ஐந்திணை என்பது பழைய கணக்கு. கைக்கிளையையும் பெருந்திணையையும் சேர்த்தால் ஏழு. எட்டாவதாகச் சொட்டுத்திணை என்று ஒன்று உண்டென நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக் களம், மைசூர் குவெம்பு நகரில் நான் குடியிருக்கும் வீட்டின் மொட்டைமாடி அறை. மாதிரிகளின் எண்ணிக்கை: ஒரு பீரோ.

அந்தப் பழைய மர பீரோவுக்குள் இரண்டு எல்.இ.டி. வளர்ப்பு விளக்குகள். நான்கு தட்டுகளில் கொத்தமல்லி, வெந்தயம், துளசி. பீரோவின் தலையில் ஒரு சின்ன எக்ஸாஸ்ட் ஃபேன். அதிலிருந்து புறப்படும் அலுமினியச் சுருள்குழாய் செங்குத்தாக ஏறித் தகரக் கூரையைத் துளைத்து வெளியே போகிறது. மைசூர் வெயிலில் தானாக வளருகிற கொத்தமல்லிக்கு விளக்கு எதற்கு என்று கேட்பார்கள். அக்கேள்வி இந்த ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

இனி இலக்கணம். நிலம், தகரமும் தகரம் சார்ந்த இடமும். பெரும்பொழுது, மார்கழியும் தையும் ஆகிய முன்பனி. சிறுபொழுது, வைகறை. தெய்வம் சாமுண்டேஸ்வரி, மலைமேல் இருப்பவளும் அவளே, இவ்வட்டாரத்துக்கு மின்சாரம் வழங்கும் கழகம் தாங்கியிருப்பதும் அவள் பெயரே என்பதால் இதில் ஐயமில்லை. பறை, எக்ஸாஸ்ட் ஃபேன். தொழில், துடைத்தல். உணவு, பிழைத்த கீரை. உரிப்பொருள் இரங்கல் என்பது என் கட்சி, ஊடல் என்பது என் மனைவியின் கட்சி. இது பற்றி நாங்கள் மூன்று நாள் பேசிக்கொள்ளவில்லை என்பதால் அவள் கட்சியே வலுப்பெறுகிறது.

முதல் சொட்டு ஒரு மார்கழி விடியலில் விழுந்தது. ஈர மாப்புடன் மாடிப்படியில் இறங்கிய என்னைப் பார்த்து வீட்டுக்காரர், "ஏன் சார், மேலெ மளெ பர்தா இதெயா?" என்றார். வானத்தில் ஒரு மேகம் இல்லை. ஆனாலும் பீரோவுக்குள் மழைதான். ஃபேனின் இறக்கைகளிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கொத்தமல்லியின் தலையில்.

பனி உள்ளே இறங்குகிறது என்று முடிவுகட்டி, இருந்த துளைகளையெல்லாம் செய்தித்தாளால் அடைத்தேன். நான்காம் நாள் வெந்தயம் தண்டோடு சாய்ந்தது. அடியில் விரல் வைத்தால் கொழகொழவென்றிருந்தது. நாற்றழுகல்.

பனி மேலிருந்து இறங்குவது என்ற இந்தப் பிழை எனக்கு மட்டும் உரியதன்று. உலகமே நெடுங்காலம் அப்படித்தான் நம்பியது. வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்ற மருத்துவர் 1814இல் பனித்துளியைப் பற்றி ஒரு நூலே எழுதி, தெளிந்த வானத்தின் கீழ் பொருள்கள் தம் வெப்பத்தை இழந்து சுற்றியுள்ள காற்றையும்விடக் குளிர்கின்றன, அந்தக் குளிர்ச்சியில்தான் நீர் கோக்கிறது என்று காட்டினார். தகரக் கூரை இக்கொள்கையின் உத்தம சீடன். மேகமில்லாத இரவில் அதைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு நூல் தேவையில்லை.

அப்படியானால் நீர் எங்கிருந்து வந்தது எனின், செடியிலிருந்து என்க. வேர் குடிக்கும் நீரில் மிகப் பெரும்பகுதியை இலை ஆவியாகவே விட்டுவிடும். விளக்குச் சூட்டில் 25 டிகிரியில் இருக்கும் காற்று, ஒரு கன மீட்டருக்கு 23 கிராம் ஆவியைத் தாங்கும். 15 டிகிரிக்குக் குளிர்ந்தால் 13 கிராம்கூட ஏறாது. 15 டிகிரி மைசூர் மார்கழி விடியலில் சாதாரணம். என் பீரோவில் ஈரப்பதம் 70 சதவீதம், அதாவது சுமார் 16 கிராம். குழாயில் ஏறிக் குளிரும்போது கன மீட்டருக்கு 3 கிராம் அங்கேயே இறங்கிவிடும். ஃபேன் மணிக்கு 50 கன மீட்டர் தள்ளினால், அது 150 மில்லி. ஒரு டம்ளர் காப்பி அளவு, மணிக்கொரு முறை, செங்குத்தான குழாய் வழியே திரும்ப என் தலைக்கு.

இவ்வூர்க்காரர்கள் ஈரத்தோடு பழகியவர்கள். மத்தியப் பட்டு வளர்ப்பு ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனம் இங்கேதான் இருக்கிறது. இளம்புழுவுக்கு 80 முதல் 90 சதவீத ஈரப்பதம் வேண்டும் என்று பாரஃபின் தாளால் மூடி வைப்பவர்கள்கூட, தழை போடுவதற்கு அரைமணி முன்பே தாளை எடுத்துக் காற்றாட விடுகிறார்கள். தோலுரிக்கும் நேரத்தில் சுண்ணாம்புத் தூள் தூவிப் படுக்கையை உலர்த்துகிறார்கள். நான் செய்தித்தாளால் அடைத்தேன்.

இறுதித் தீர்வு சமையலறையிலிருந்து வந்தது. ஊடல் தணிந்த நான்காம் நாள் மனைவி கேட்டாள்: "ஏங்க, இட்லிச் சட்டி மூடி ஏன் குவிஞ்சு இருக்கு? தட்டையா இருந்தா தண்ணி எங்க விழும்?" இட்லிமேல்தான் விழும். குவிந்த மூடியில் கோத்த நீர் சரிவில் வழிந்து ஓரத்துக்குப் போய்விடுகிறது. நீர் கோப்பதைத் தடுக்க முடியாவிட்டால் விழும் இடத்தையாவது நாம் தீர்மானிக்கலாம். இதை வெல்ஸ் சொன்னதாகத் தெரியவில்லை.

குழாயைக் கழற்றிப் பக்கச் சுவர் வழியே, வெளிப்பக்கம் தாழ்வாகச் சரித்து மாட்டினேன். ஏசி குழாய்க்குச் சுற்றும் கறுப்பு ஸ்பாஞ்ச் உறையை அதன்மேல் சுற்றினேன். குழாயின் சுவர் குளிராவிட்டால் ஆவிக்கு இறங்க இடமில்லை. விளக்கை மாலை ஆறு முதல் காலை எட்டு வரை எரியவிட்டேன். ஊர் குளிரும் நேரத்தில் பீரோ வெதுவெதுப்பாக இருக்கும். விளக்கு அணைந்தபின் ஃபேன் இன்னும் அரைமணி ஓடும். தண்ணீர் ஊற்றுவது விளக்கு எரியத் தொடங்கும்போது; அணையப்போகும் நேரத்தில் ஊற்றினால் அந்த ஈரம் குளிரும் பீரோவுக்குள்ளேயே தங்கிவிடும்.

இப்போது சொட்டு வெளிச்சுவரில் விழுகிறது. அங்கே பாசி பிடிப்பதாக வீட்டுக்காரர் சொல்கிறார். அது தனி ஆய்வுக்குரியது. இந்த முன்பனியின் மொத்த விளைச்சல், இரண்டு நாள் ரசத்துக்கான கொத்தமல்லி. மற்ற நாட்களுக்குத் தேவராஜ மார்க்கெட்டில் வாங்கிக்கொண்டோம்.