ஒன்றுமில்லா வரியை ஒழித்தல் குறித்து

உரைக்கோப்பிலுள்ள வெற்று வரிகளை நீக்குவது எப்படி? அற்பமெனக் கருதி அறிஞர் பெருமக்கள் ஒதுக்கிவிட்ட வினா இது. அக்குறையைப் போக்கவே இவ்வாய்வு எழுகிறது.

வரலாற்றைச் சுருக்கமாகக் கொள்க. வெற்று வரியைப் பிடிக்க உதவுவது ரெஜெக்ஸ், அதாவது உரையில் வேண்டிய வடிவத்தைத் தேடித்தரும் குறிமுறை. அதன் கணிதம் 1950களில் ஸ்டீபன் கிளீனியுடையது. 1968இல் கென் தாம்ப்சன் அதை உரைத்தேடலுக்கு இறக்கினார். 1987இல் லாரி வால், ரெஜெக்ஸைக் கையாளும் பெர்ல் என்னும் நிரல்மொழியை வெளியிட்டார். வால் மொழியியல் பயின்றவர். எழுத்தில்லாத மொழி ஒன்றைக் கண்டு, அதற்கு எழுத்துமுறை வகுக்க எண்ணியிருந்தவர். கடைசியில் எழுத மட்டுமே முடிகிற, வாசிக்க முடியாத மொழியைத் தந்துவிட்டார் என்பர் அழுக்காறுடையோர்.

இனி வெற்று வரிக்கு இலக்கணம்: /^$/. இரு சாய்கோடுகள் வேலி. தொப்பிக்குறி வரியின் தொடக்கம், டாலர் வரியின் முடிவு. தொடக்கமும் முடிவும் ஒட்டி நிற்க, நடுவே ஏதுமில்லாதது வெற்று வரி என்க. இதற்குப் பொருந்தாதவற்றை மட்டும் அச்சிடு என்று பெர்லுக்கு ஆணையிட்டால் வெற்று வரிகள் மறைகின்றன. சில மறைவதில்லை, கல்லுப்பிள்ளையார் மாதிரி அப்படியே உட்கார்ந்திருக்கின்றன.

காரணம் இருவகை. யாரோ ஸ்பேஸ் பாரைத் தட்டிவிட்டுப் போனது ஒன்று. அதில் ஆராய ஏதுமில்லை. மற்றது விண்டோஸில் பிறந்து லினக்ஸில் வாழவந்த கோப்பு. டெலிடைப் காலத்தில் வரி முடிவில் அச்சுத்தலையை இடப்பக்கம் கொண்டுபோக ஒரு குறி, தாளை மேலேற்ற இன்னொரு குறி. இன்று தலையுமில்லை, தாளுமில்லை. விண்டோஸ் மட்டும் இரண்டையும் விடாமல் எழுதிவருகிறது. யூனிக்ஸ் மரபுக்கு இரண்டாவது ஒன்றே போதும். ஆகவே எஞ்சிய முதற்குறி வரிக்குள் அகப்பட்டு, அதை ‘வெற்றல்லாதது’ ஆக்கிவிடுகிறது.

இதனால் வெறுமையை நேராக வரையறுப்பதைக் கைவிடுக. பின்சாய்கோட்டுடன் பெரிய எஸ் ஒன்று: இடைவெளியல்லாத எழுத்து ஒன்றாவது இருந்தால் அந்த வரியை வைத்துக்கொள். சுழியத்தைத் தேடாமல் சரக்கைத் தேடும் இம்முறையே சிறந்தது என்பது நம் துணிபு.

இதற்கும் தப்புவது அகலமில்லா இடைவெளி. யூனிகோடு 200பி. சொற்களுக்கிடையே இடம்விடாத தாய், கெமர் எழுத்துகளில் வரியை எங்கே மடிக்கலாம் எனக் காட்டப் பயன்படுவது. பெயரில் இடைவெளி, பெர்லின் கணக்கிலோ இடைவெளியன்று. கண்ணுக்குத் தெரியாத சரக்கு! அதன் எண்ணைச் சொல்லித் தனியே விலக்கவேண்டியிருக்கிறது.

கோப்பைத் திறந்து டெலிட் விசையைத் தட்டினால் முடிந்ததே என்பர் ஒரு சாரார். கோப்பு லட்சம் வரியைத் தாண்டினால் விரல் நோகும் என்பதன்றி அவர்க்கு நம்மிடம் மறுப்பில்லை.