கல்யாண வானும் நாலந்தா கெடிகேயும்: ஓர் ஆய்வு

கல்யாணத்துக்குப் போகிறவர்கள் கல்யாணம் பார்க்கத்தான் போகிறார்கள் என்பது சமூகவியலில் நெடுங்காலமாக நிலவும் ஒரு பிழையான கொள்கை. மாத்தளையில் கல்யாணம் முடித்து, ஏ-9 வீதியால் யாழ்ப்பாணம் திரும்பும் வான்களை ஆராய்ந்தால் உண்மை விளங்கும். தாலி ஏறும்போது முன்வரிசை தவிர மற்றவர்கள் கதைத்துக்கொண்டிருப்பார்கள். பந்தி முடிந்து வானில் ஏறியதும்தான் அனைவரும் ஒருமித்த கவனத்தோடு இரண்டு வினாக்களுக்கு வருவார்கள். வழியில் என்ன பார்க்கலாம்? எங்கே சாப்பிடலாம்? முதல் வினாவுக்கு நாலந்தாவைத் தவிர வேறு விடை இல்லை என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். இரண்டாவது வினா கடைசிவரை தீராது.

ஆய்வுக்கு ஓர் அளவுகோல் வேண்டும். அதற்குச் 'சேலைத் தாங்குதிறன்' என்று பெயரிடுவோம். காஞ்சிபுரம் பட்டு உடுத்து, வயிறு நிறையப் பாயசமும் குடித்த ஒரு பெரியம்மா, கொண்டைப் பூ கலையாமல் பார்த்துவிட்டுத் திரும்பக்கூடிய இடத்துக்கு நூற்றுக்கு நூறு. சிகிரியாவுக்கு ஏறத்தாழ 1,200 படி, ஆகவே பூச்சியம். தம்புள்ளைக் குகைக் கோவில்கள் ஐந்தும் அருமையானவைதான், ஆனால் மலையேறிப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு, வெயில் குடித்த பாறையில் நிற்க வேண்டும். முப்பதுக்கு மேல் கொடுப்பதற்கில்லை. மாத்தளையை விட்டதுமே வரும் அலுவிகாரை, கி.மு. முதலாம் நூற்றாண்டில் திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்ட இடம். ஆனால் வான் புறப்பட்டுச் சில நிமிடங்களே ஆகியிருப்பதால் அப்போது எல்லாரும் மொய்க் கணக்கில் இருப்பார்கள்.

அடுத்து வருவன வீதியோர வாசனைத் திரவியத் தோட்டங்கள். இவை பார்க்கும் இடமா, வாங்கும் இடமா என்பதில் அறிஞர்களிடையே இரு கட்சிகள் உண்டு. கறுவாப் பட்டை, கராம்பு, சாதிக்காய், ஏலம், மிளகுக் கொடி எல்லாவற்றையும் இலை கசக்கி மணக்கக் காட்டுவார்கள். யாராவது ஒரு சித்தப்பாவின் காலில் களிம்பு பூசி ஒரு வட்டம் மயிரை உதிர்த்துக் காட்டுவார்கள். வட்டத்தோடு சித்தப்பா மறுநாள் வேலைக்குப் போவார். வீட்டு அஞ்சறைப் பெட்டியில் கிடக்கும் அதே கராம்பு இங்கே குப்பியில் எண்ணெயாகி, கேட்டவர் திகைக்கும் விலைக்குப் போகும். சுண்டுக் கணக்கில் அரிசி வாங்கிய பரம்பரை அதைப் பேரம் பேசாமல் வாங்குவது கல்யாண மயக்கத்தின் எச்சம் என்பது என் முடிவு.

இனி நாலந்தா. மாத்தளையிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீற்றர் வந்து, கிழக்கே திரும்பி ஒரு கிலோமீற்றர் போனால் கெடிகே. மலை ஏற வேண்டியதில்லை. குளத்தங்கரையில் கருங்கல்லில் ஒரு சிறிய கட்டடம், அவ்வளவே. எட்டாம் நூற்றாண்டுக்கும் பத்தாம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டது என்பர். வடிவம் பல்லவர் பாணி. பார்த்ததும் மாமல்லபுரத்துக் கல் தேர்கள் ஞாபகம் வரும். வழிபாடோ பௌத்தம். கல்யாண வானுக்கு இதைவிடப் பொருத்தமான கட்டடம் கிடையாது. "கோவில்" என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னாலும் சரி, "விகாரை" என்று பெண் வீட்டார் சொன்னாலும் சரி. காலையில் வரிசைத் தட்டில் தொடங்கிய வழக்கு இங்கே இருவருக்கும் வெற்றியாக முடியும். மேலே குபேரன் வேறு அமர்ந்திருக்கிறான். மொய்க் கணக்கு இன்னும் சரிவராதவர்கள் அவனை நிமிர்ந்து பார்க்கலாம்.

அடித்தளத்தில் தேய்ந்துபோன ஒரு சிற்றின்பச் சிற்பம் உண்டு. இலங்கையில் இது அரிது. பெரியவர்கள் இதைப் பார்ப்பதில்லை; பார்க்காமலே எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று சரியாகச் சொல்வார்கள்.

இந்தக் கட்டடம் நிற்கும் இடம் அதன் பிறந்த இடமன்று. 1970களில் மகாவலித் திட்டத்தில் போவத்தென்ன நீர்த்தேக்கம் வந்தபோது, கெடிகே முங்கிப்போகாமல் கல் கல்லாகக் கழற்றப்பட்டு, மேட்டில் திரும்ப அடுக்கப்பட்டது. புகுந்த வீட்டுக்குப் போன பெண்ணைப் போல, அதே முகம், வேறு முற்றம். வானில் இருக்கும் மாமிமாரிடம் இதைச் சொன்னால் தொல்லியலில் திடீர் ஈடுபாடு பிறக்கும்.

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்ற பழமொழியைச் சோதிக்கவும் இதுவே தகுந்த களம். பன்னிரண்டாம் நூற்றாண்டில், கஜபாகுவோடு போரிட்ட பராக்கிரமபாகுவுக்கு நாலந்தா ஒரு படைத்தளம். மாத்தளைப் பந்தியில் முந்தியவர்கள் எண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பிந்தி இங்கே வந்து சேர்வதால், பழமொழியின் இரு பாதியும் ஒரே நாளில் நிறைவேறுகின்றன.

சாப்பாட்டுக்கு வருவோம். கல்யாணத்தில் மரக்கறிச் சாப்பாடு. அது செரித்துக்கொண்டிருக்கும்போதே வானின் பின் ஆசனத்தில் கொத்து ரொட்டி என்ற சொல் கேட்கும். இது பசியன்று. வாழையிலைக்கு எதிரான நாவின் கலகம். நாவுலவில் இஞ்சிப் பிளேன்டீயும் வடையும் கொடுத்து இதைத் தற்காலிகமாக அடக்கலாம். வீதியோரத்தில் அவித்த சோளப்பொத்தி கண்டால் நிறுத்துங்கள்; அது கை நிறைய இருக்கும், வாய்க்கு நெடுநேரம் வேலை தரும், வானில் அமைதி நிலவும். தம்புள்ளையில் கொத்து அடிக்கும் தகரச் சத்தம் கேட்ட பிறகு எந்த அறிவுரையும் பயனற்றது.

எருமைத் தயிர்ச் சட்டியும் கித்துள் பாணியும் வாங்குவது பற்றி மட்டும் எச்சரிக்கிறேன். சட்டியை மடியில் வைத்துக்கொண்டு யாழ்ப்பாணம் வரை அசையாமல் இருக்க ஒருவர் தேவை. அந்தப் பொறுப்பு எப்போதும், வாங்கச் சொல்லாத ஒருவருக்கே வாய்க்கிறது.

கல்யாண அட்டை அடிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முகூர்த்தம், மண்டபம், பெரியோர் பெயர்கள் எல்லாம் போட்ட பின் மிஞ்சும் இடத்தில் "திரும்பும் வழியில் நாலந்தா, ஏ-9இலிருந்து கிழக்கே 1 கி.மீ., படிகள் குறைவு" என்று ஒரு வரி சேருங்கள்.