செனட்டில் சிப்பி வறுவல்

1935 ஜூனில் அமெரிக்க செனட்டர் ஹியூயி லாங், ரூஸ்வெல்ட் அரசின் மசோதா ஒன்றில் திருத்தம் கேட்டு, அதை மறித்துப் பேச எழுந்தார். பேச்சு பதினைந்தரை மணி நேரம் நீண்டது. அரசியல் சாசனத்தைப் பிரிவு பிரிவாக விளக்கித் தீர்த்தும் பொழுது விடியவில்லை. யாருக்கு எதில் ஆலோசனை வேண்டுமானாலும் கேளுங்கள் என்றார். சக உறுப்பினர்கள் வாயே திறக்கவில்லை, பலர் உறக்கத்தில். பத்திரிகையாளர் மாடத்திலிருந்துதான் துண்டுச்சீட்டுகள் வந்தன. அவையும் தீர்ந்ததும் சிப்பி வறுக்கும் பக்குவம் சொன்னார்.

கவனிக்காதவர்களைக் கட்டாயப்படுத்திக் கேட்கவைக்க வேண்டும் என்றும் இடையில் ஒரு கோரிக்கை. அது சாசனத்துக்கு விரோதமான கொடுமை என்று மறுத்துவிட்டார் துணை ஜனாதிபதி கார்னர். (புண்ணியவான்!)

அதிகாலை நான்கு மணிக்கு லாங்கை உட்காரவைத்தது எதிர்வாதம் அல்ல, இயற்கை உபாதை. அவர் கேட்ட திருத்தம் தோற்றது. சமையல் குறிப்பு மட்டும் அவைக்குறிப்பில் ஏறிவிட்டது.